கிளாஸ் நின்றுபோச்சு, வீட்டில் தனியாக யோகா செய்ய முடியவில்லை. என்ன செய்யலாம்?

மூணாவது_மாடி
கோயம்புத்தூர், இரண்டு பெட்ரூம் ஃபிளாட். பக்கத்துத் தெரு மண்டபத்தில் யோகா கிளாஸ் போய்க்கொண்டிருந்தேன். மாஸ்டர் ஊர் மாறிப் போய்விட்டார், கிளாஸும் நின்றுவிட்டது. கற்றுக்கொண்டதை வீட்டிலேயே செய்யலாம் என்று மேட்டை விரித்தால் கதை வேறாக இருக்கிறது. அங்கே ஒரு மணி நேரம் போவதே தெரியாது. இங்கே சூரிய நமஸ்காரம் முடிந்ததும் அடுத்தது என்ன என்று முழிக்கிறேன். அதற்குள் குக்கர் கூப்பிடும், இல்லையென்றால் பையன் வந்து முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்வான்.

சூரிய நமஸ்காரத்தில் இடுப்பைத் தூக்கி மலை மாதிரி நிற்கும் இடத்தில் வலது மணிக்கட்டு வலிக்கிறது. மண்டி போட்டு வஜ்ராசனத்தில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் கால் மரத்துப்போகிறது. எல்லாவற்றையும் விட, தப்பாகச் செய்தால் சொல்ல ஆள் இல்லை. வீடியோ பார்த்துச் செய்யலாமா?

ஒரு வேண்டுகோள். எனக்கு அமெரிக்க நேரத்து வேலை, லேப்டாப்பை மூடவே இரவு 12 ஆகிவிடும். பிரம்ம முகூர்த்தம் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம், ப்ளீஸ்.

அறுபதுக்கப்பால்
வேண்டாம் என்று சொன்னதையே சொல்கிறேனே என்று கோபித்துக்கொள்ளக் கூடாது. எதற்கும் ஒரு வேளை உண்டு. விடியற்காலை நாலரைக்கு எழுந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால் வயிறு காலி, மனசு காலி, தெருவும் காலி. குக்கரும் இல்லை, பையனும் இல்லை. கும்பகோணத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்து எனக்கு இதுதான் பழக்கம். நேரம் தவறினால் அன்றைக்குச் செய்யவே மாட்டேன். ஒழுங்கு இல்லாத யோகா வெறும் உடற்பயிற்சி.

மூணாவது_மாடி
சார், 12க்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் ஆசனம் எல்லாம் வேண்டாம், நேராக சவாசனம்தான்.

பாய்_விரிக்கிறவன்
சென்னையில் பல வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். தனித்தனியாகத்தான், கூட்டமாக இல்லை. அதனால் என் பேச்சில் ஒரு சாய்வு இருக்கும்.

உங்கள் சிக்கல் சோம்பல் இல்லைங்க. கிளாஸை அப்படியே தூக்கி வீட்டுக்குள் வைக்கப் பார்க்கிறீர்கள், அது நிற்காது. கிளாஸ் என்பது இருபது பேருக்குப் பொதுவாகப் போட்ட நிகழ்ச்சி. அங்கே மாஸ்டரின் குரல் உங்களை இழுத்துக்கொண்டு போகும். வீட்டில் அந்த வேலையையும் நீங்களே பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு அது யாராலும் ஆகாது.

யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியாரின் வாழ்க்கையிலேயே இந்த இரண்டும் இருக்கின்றன. 1930களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் அவரிடம் படித்தவர்கள் துள்ளுகிற வயசுப் பையன்கள். குதித்துத் தாண்டிப் போகும் வேகமான வரிசை அவர்களுக்குப் பொருந்தியது. பிறகு சென்னைக்கு வந்து குடியேறியதும் அவரைத் தேடி வந்தவர்கள் வயதானவர்களும் நோயாளிகளும். ஒவ்வொருவருக்கும் தனியாக, உடம்பைப் பார்த்து, மூச்சைப் பார்த்து, வீட்டில் செய்ய இவ்வளவு என்று கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் தொடங்கிய யோக மந்திரம் என்ற நிலையமும் அந்த வழியில்தான் வந்தது. இன்றைக்கு நாம் கிளாஸில் பார்ப்பது பெரும்பாலும் மைசூர்ப் பையன்களின் வரிசை. உங்களுக்குத் தேவைப்படுவது சென்னைக் கிழவரின் சீட்டு.

அப்படி ஒரு சீட்டு இப்படி இருக்கலாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக் கொஞ்சம் மூச்சு. எழுந்து நின்று, மூச்சை இழுத்தபடி கையை மேலே தூக்கி, விட்டபடி இறக்கி, நாலைந்து முறை. அதே மூச்சுக் கணக்கில் முன்னால் குனிந்து நிமிர்தல். நாலு காலில் நின்று முதுகை வளைத்து நிமிர்த்தல். குப்புறப் படுத்து, மார்பைத் தூக்கிச் சின்னதாக ஒரு புஜங்காசனம். அதற்கு மாற்றாக, மல்லாந்து முழங்காலை மார்போடு அணைத்தல். ஒரு முறுக்கல். சவாசனம். இருபது நிமிஷம் தாண்டாது. ஒரு மாதத்துக்கு வரிசையை மாற்றாதீர்கள், "அடுத்து என்ன" என்ற கேள்வியே வராது. ஒவ்வொன்றிலும் முதலில் அசைந்து அசைந்து செய்யுங்கள், அப்புறம் நில்லுங்கள். எடுத்ததும் போய் நின்றால் உடம்பு முரண்டு பிடிக்கும்.

எலும்புத்தச்சன்
பிசியோதெரபிஸ்ட். மணிக்கட்டுக்கு வருகிறேன்.

அந்த நிலையில் கையைக் கவனித்துப் பாருங்கள். எடை பெரும்பாலும் உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கமாக விழும். ஆள்காட்டி விரலின் அடிமுட்டி தரையை விட்டு லேசாகத் தூக்கி நிற்கும். அந்த முட்டிக்கு அடியில் ஒரு காகிதத்தைச் சொருகிப் பாருங்கள். உள்ளே போனால் எடை தப்பான இடத்தில் இருக்கிறது. விரல்களை நன்றாக விரித்து, ஆள்காட்டிக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே தரையை அழுத்துங்கள். முழங்காலைத் தாராளமாக மடக்கி இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள். தொடையின் பின்தசை இறுகியவர்களுக்கு உடம்பு பின்னால் போகாது, எடை முழுக்க முன்னால் கைக்கு வந்துவிடும். வலிப்பது மணிக்கட்டு, காரணம் பல சமயம் தொடை.

அப்படியும் வலித்தால் ஜன்னல் திண்டிலோ சமையல் மேடையிலோ கை வைத்துச் செய்யுங்கள். நீட்சி அதேதான், மணிக்கட்டு அவ்வளவு மடங்காது. வீங்கினாலோ, ராத்திரி விரல்கள் மரத்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். நாளெல்லாம் லேப்டாப்பில் இருப்பவர் என்பதால் சொல்கிறேன்.

வஜ்ராசனத்தில் மரத்துப்போவதற்குக் காரணம் நரம்பும் ரத்த ஓட்டமும் அழுந்துவதுதான். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். அதைச் சுற்றி ஒரு நரம்பு தோலுக்கு அருகிலேயே போகிறது, பாதத்தை மேலே தூக்குவது அதன் வேலை. நெடுநேரம் அழுத்தினால் அது கெடும். குதிகாலுக்கும் இடுப்புக்கும் நடுவே தலையணை வையுங்கள், முழங்காலின் பின்மடிப்பில் ஒரு துண்டைச் சுருட்டிக் கொடுங்கள். ஊசி குத்துகிற மாதிரி ஆரம்பித்ததுமே எழுந்துவிட வேண்டும். பொறுத்துக்கொள்வதில் ஒரு பெருமையும் இல்லை. எழுந்த பிறகும் பாதம் தொங்கினால் உடனே மருத்துவமனை.

பனிக்காலம்
நான் இருக்கிறது டொரொண்டோ. இஞ்ச ஜனவரியில காலமை எழும்பினா உடம்பு ஒண்டும் வளையாது. கார்பெட்டுக்கு மேல மேட்டைப் போட்டா அது வழுக்கிக்கொண்டு போகுது. சப்பணம் கட்டி இருந்தா என்ர முழங்கால் ரெண்டும் மேல தூக்கிக்கொண்டு நிக்குது, பத்மாசனம் நினைச்சும் பாக்கேலாது. அம்மாவும் எங்களோடதான். அவவுக்கு ரெண்டு முழங்காலும் மாத்தி ஒபரேஷன் செய்தது. அவவுக்கும் ஏதும் சொல்லிக் குடுக்கலாமோ?

எலும்புத்தச்சன்
பத்மாசனம் இடுப்பு மூட்டின் வேலை. தொடை எலும்பு இடுப்புக் கிண்ணத்துக்குள் வெளிப்பக்கமாகத் திரும்ப வேண்டும். அது திரும்பாதவர்கள் பாதத்தைக் கையால் இழுத்துத் தொடைமேல் போட்டால், அந்தத் திருகல் முழுக்க முழங்காலுக்குப் போகும். முழங்கால் கதவுக் கீல் மாதிரி, மடங்கவும் நீளவும்தான் தெரியும், அதைத் திருகினால் உள்ளே இருக்கும் சவ்வு கிழியும். தசை இழுத்தால் இருங்கள். முழங்காலுக்குள் சுருக்கென்றால் அந்த நொடியே வெளியே வந்துவிடுங்கள்.

முழங்கால் இடுப்பை விட உயரமாக நிற்கிறதென்றால் கம்பளியை மடித்து மடித்துப் போட்டு, முழங்கால் தாழும்வரை ஆசனத்தை உயர்த்துங்கள். தொடை எலும்பு எவ்வளவு வெளிப்பக்கம் திரும்பும் என்பது ஆளுக்கு ஆள் பிறவியிலேயே மாறும். சிலருக்குப் பத்மாசனம் கடைசிவரை வராது, வர வேண்டிய அவசியமும் இல்லை.

அம்மாவுக்கு: கைப்பிடி இல்லாத, சக்கரம் இல்லாத நாற்காலி, சுவரோடு ஒட்டி. மூச்சோடு கை தூக்குவது, ஒரு காலை நீட்டிப் பாதத்தை முன்னும் பின்னும் அசைப்பது, தோளைச் சுழற்றுவது, மெதுவாக இருபக்கமும் திரும்புவது. மண்டியிட வேண்டாம், சப்பணமும் வேண்டாம். முழங்கால் எவ்வளவு மடங்கலாம் என்று ஆபரேஷன் செய்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பனிக்காலம்
பெரிய நன்றி. மேட் வழுக்கிறதுக்கு?

ஜமுக்காளம்
கார்பெட்டில் மெத்து மெத்தென்ற தடிமன் மேட் ஆகவே ஆகாது. 4 மில்லிமீட்டர் ரப்பர் மேட் கொஞ்சம் பிடிக்கும். இல்லையென்றால் கார்பெட் இல்லாத நடைபாதையில் போடுங்கள். புது மேட்டின் மேல் ஒரு வழவழப்பு இருக்கும், துளி சோப்புத் தண்ணீரில் துடைத்து நிழலில் காயப்போட்டால் போகும். ஊரில் மொசைக் தரைக்காரர்களுக்கு: பவானி ஜமுக்காளம் உட்காரவும் படுக்கவும் அருமை. நின்று செய்கிறவற்றுக்கு வேண்டாம், மொசைக்கில் சர்ரென்று ஓடும். அதற்கு வெறுங்கால், வெறுந்தரை போதும்.

அறுபதுக்கப்பால்
தலையணை, துண்டு, நாற்காலி, சமையல் மேடை. ஃபர்னிச்சர் கடை இழையா இது? ஆசனங்களுக்கு ராஜா சிரசாசனம். எனக்கு இந்த வயசிலும் தினம் உண்டு. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பாய்_விரிக்கிறவன்
சார், நாற்காலியைக் கிண்டல் பண்ணாதீங்க. புணேயில் யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் மடக்கு நாற்காலி, செங்கல், பெல்ட், கம்பளி எல்லாவற்றையும் வைத்து ஒரு பெரிய முறையையே கட்டினார். அவரை விடக் கறாரான ஆசிரியரைப் பார்ப்பது கஷ்டம்.

சிரசாசனத்தை நான் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. பக்கத்தில் ஆள் இல்லாமல் புதிதாக ஒருவர் வீட்டில் பழகக் கூடாத ஆசனம் அது.

எலும்புத்தச்சன்
இன்னொன்று. சென்னைக் கண் மருத்துவர்கள் சிரசாசனம் பழகியவர்கள் 75 பேரிடம் கண் அழுத்தத்தை அளந்து 2006இல் வெளியிட்டார்கள். தலைகீழாக நிற்கும்போது அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஏறியது. கிளாகோமா என்ற கண் அழுத்த நோய் இருப்பவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது, அது இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. சார், கேட்கிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பி.பி. உண்டா?

அறுபதுக்கப்பால்
உண்டு. மாத்திரை சாப்பிடுகிறேன், கட்டுக்குள் இருக்கிறது.

எலும்புத்தச்சன்
அப்படியென்றால் கண் டாக்டரையும் பி.பி. மாத்திரை எழுதிய டாக்டரையும் கேட்காமல் தொடராதீர்கள். சுவரில் காலைச் சாய்த்து வைத்து மல்லாந்து படுப்பதையே பெரும்பாலும் போதுமென்பேன்.

அறுபதுக்கப்பால்
டாக்டர் சொன்னால் நிறுத்துகிறேன். இழையில் சொன்னதற்காக நிறுத்த மாட்டேன்.

ஆழியாறு_காற்று
நான் மனவளக்கலைக்காரி. வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சிதான் வீட்டில். கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, கண்பயிற்சி, கபாலபதி (மூச்சை வெடுக்கென்று வெளியே தள்ளுவது), மகராசனம், தேய்த்துவிடுதல், அக்குபிரஷர், உடல் தளர்த்தல். பார்க்க ஒன்றும் அசத்தலாக இருக்காது, என் மகள் கேலி பண்ணுவாள். ஆனால் வரிசை மாறாது, பாதி உட்கார்ந்தபடியும் படுத்தபடியும்தான். மேலே யாரோ சொன்ன "வரிசையை மாற்றாதே" என்பதை எங்கள் மன்றத்தில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். நேரம் இல்லாத நாளில் கை, கால், மூச்சு மூன்றோடு நிறுத்திக்கொள்வேன்.

சும்மா_வாசிப்பவள்
இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஐந்தாம் மாசம். கபாலபதி செய்யலாமா? ஒருவர் செய் என்கிறார், இன்னொருவர் கூடாது என்கிறார்.

பாய்_விரிக்கிறவன்
கர்ப்பத்தில் கபாலபதி வேண்டாம், மூச்சை அடக்கி நிறுத்துவதும் வேண்டாம். வயிற்றை அழுத்தும், ஆழமாக முறுக்கும் ஆசனங்களும் வேண்டாம். நீளமாக மூச்சு விடுவது, சுவரைப் பிடித்து நிற்பது, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து ஓய்வு. எதைச் செய்வதானாலும் உங்களைப் பார்க்கும் டாக்டருக்குத் தெரிந்து செய்யுங்கள். கர்ப்பம் இல்லாதவர்களுக்கும் சொல்கிறேன்: பி.பி., இதயநோய், ஹெர்னியா இருந்தால் கபாலபதியை வீட்டில் வீடியோ பார்த்துத் தொடங்காதீர்கள்.

மூணாவது_மாடி
வீடியோ என்றதும் ஞாபகம் வந்தது, என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே!

பாய்_விரிக்கிறவன்
பார்க்கலாம், பார்த்துக்கொண்டே செய்யக் கூடாது. திரிகோணாசனத்தில் குனிந்திருக்கும்போது டிவி பக்கம் கழுத்தைத் திருப்பினால் கழுத்து பிடிக்கும். அவர் வலது என்பார், திரையில் தெரிவது இடது, அதில் ஒரு குழப்பம். அவர் மூச்சின் நீளம் வேறு, உங்கள் மூச்சின் நீளம் வேறு. முதலில் உட்கார்ந்து ஒரு தடவை பாருங்கள். பிறகு வரிசையை உங்கள் குரலிலேயே, உங்கள் மூச்சு வேகத்துக்கு, போனில் பதிந்துகொள்ளுங்கள். அதைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிச் செய்யலாம். என் மாணவர்கள் முதலில் கூச்சப்படுவார்கள், அப்புறம் விட மாட்டார்கள்.

தப்பைக் கண்டுபிடிக்கவும் போன் போதும். தண்ணீர் கேன் மேல் சாய்த்து, இடுப்பு உயரத்தில், பக்கவாட்டிலிருந்து எடுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் பாருங்கள். இன்றைக்கு முன்னால் குனியும்போது மடங்குவது இடுப்பா, முதுகா? அது போதும். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பார்த்தால் நாளைக்கு மேட்டை விரிக்க மனசே வராது.

ஜமுக்காளம்
குனிவது என்றதும் ஒரு சந்தேகம். பச்சிமோத்தாசனத்தில் பிட்டத்துக்கு அடியில், உட்காரும் எலும்பிலேயே ஒரு வலி. மாதக்கணக்காகப் போகவில்லை. இன்னும் நன்றாக இழுத்தால் சரியாகும் என்கிறார்கள்.

எலும்புத்தச்சன்
இழுக்கவே இழுக்காதீர்கள்! தொடைப் பின்தசையின் நாண் எலும்பில் ஒட்டும் இடம் அது. நீட்டி நீட்டித்தான் அந்தப் புண் வந்திருக்கும். வலி போகும்வரை காலை நீட்டிக் குனிவதை அடியோடு விடுங்கள். மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் தூக்குங்கள், சேதுபந்தம் என்பார்களே, அது. நாணுக்கு இப்போது வேண்டியது வலு. ஆற மாதங்கள் ஆகும், பொறுமை வேண்டும். பக்கத்தில் நல்ல பிசியோ இருந்தால் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

அறுபதுக்கப்பால்
எல்லாம் சரி. நேரம், குளியல், ஒழுங்கு என்று நான் சொன்னதை ஒருவரும் மதிக்கவில்லை. சாஸ்திரம் படித்தவர்கள் இங்கே யாரும் இல்லையா?

பாய்_விரிக்கிறவன்
இருக்கிறோம் சார். ஹடயோக பிரதீபிகை என்ற பழைய நூலில் யோகத்தைக் கெடுக்கிறவை என்று ஆறு சொல்கிறார் சுவாத்மாராமர். அளவுக்கு மீறிச் சாப்பிடுவது, உடம்பை வருத்துவது, வளவளவென்று பேசுவது, ஜனக்கூட்டம், அலைபாயும் மனசு. மிச்சம் இருக்கும் ஒன்று, நியமங்களைப் பிடித்துக்கொண்டு தொங்குவது. அதே அத்தியாயத்தில் கொஞ்சம் தள்ளி, விடியற்காலைக் குளியல், உபவாசம் மாதிரி உடம்பை வாட்டுகிறவற்றைத் தவிர்க்கவும் சொல்கிறார். வளவள பேச்சும் பட்டியலில் இருப்பதால் நானும் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அறுபதுக்கப்பால்
அது நடு ராத்திரிக்கு லேப்டாப் பார்க்கிறவர்களுக்காக எழுதியதில்லை. மடிகை என்கிற சின்னக் குடிலில் தனியாக இருந்து நாள் முழுக்கச் சாதகம் பண்ணுகிறவனுக்கு எழுதியது. அவனுக்குக் குளியல் தளர்த்தினால் பரவாயில்லை. ஆபீஸும் குடும்பமும் இருக்கிறவனை நேரம் என்ற ஒரு கயிறுதான் கட்டிவைக்கும். அது அறுந்தால் நாளைக்கு நாளைக்கு என்று போய்விடும்.

பாய்_விரிக்கிறவன்
இதை ஒத்துக்கொள்கிறேன். நேரம் ஒன்றாக இருக்கட்டும், ஆனால் அது நாலரையாக இருக்க வேண்டியதில்லை. மணியை விட இன்னொரு வேலையோடு முடிச்சுப் போடுவது நன்றாக நிற்கிறது. பையன் ஸ்கூல் பஸ் ஏறியதும் மேட், அப்புறம்தான் டிபன் என்கிற மாதிரி. சாப்பாடு வயிற்றில் இருக்கக் கூடாது என்பது மட்டும் தளர்த்த முடியாத விதி. முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணி நேரம் விடுங்கள். சாயங்காலம் செய்வதில் ஒரு லாபமும் உண்டு, உடம்பு காலையை விட நன்றாக வளையும்.

மூணாவது_மாடி
பஸ் 8.20க்கு. இந்த வாரம் முழுக்க அதற்குப் பிறகுதான் செய்கிறேன். சமையலை முடித்து அடுப்பை அணைத்துவிட்டுத்தான் மேட், அதனால் குக்கர் தொல்லை இல்லை. காகிதத்தைச் சொருகிப் பார்த்தேன், அப்படியே உள்ளே போனது! ஜன்னல் திண்டில் கை வைத்தால் மணிக்கட்டு ஒன்றும் சொல்லவில்லை. சவாசனத்தில் தூங்கிவிடுகிறேன், அது பரவாயில்லையா? அப்புறம் புஜங்காசனத்தில் கீழ்முதுகில் ஓரிடத்தில் பிடிக்கிறது. கிளாஸிலும் இருந்தது, கேட்க வெட்கமாக இருந்தது.

பாய்_விரிக்கிறவன்
ஐந்து மணி நேரத் தூக்கக்காரர் படுத்தால் தூங்கத்தான் செய்வார். அலாரம் வைத்துவிட்டுத் தூங்குங்கள். தூக்கம் வேண்டாமென்றால் காலைச் சுவரோரம் மடக்கி, முழங்கை தரையில், முன்கை மட்டும் நேராக நிற்கட்டும். கண் சொக்கினால் கை விழும், விழித்துவிடுவீர்கள்.

எலும்புத்தச்சன்
புஜங்காசனத்தில் கையை ஊன்றி உடம்பைத் தள்ளுகிறீர்கள் என்று நினைக்கிறேன். எழும்பி நிற்கும்போதே இரண்டு உள்ளங்கையையும் தரையிலிருந்து ஒரு அங்குலம் தூக்கிப் பாருங்கள். உடம்பு எந்த உயரத்துக்கு இறங்குகிறதோ அதுதான் உங்கள் முதுகுத்தசை தாங்கும் உயரம். இப்போதைக்கு அதற்கு மேல் போகாதீர்கள். பெரும்பாலானவர்களுக்குத் தொப்புள்கூடத் தரையை விட்டு எழும்பாது, அது போதும். கால்களை இடுப்பு அகலத்துக்கு வைத்து, கால் பெருவிரல் நகம் தரையில் படும்படி அழுத்துங்கள், பார்வை தரையிலேயே இருக்கட்டும். நாளைக்குப் பக்கவாட்டிலிருந்து போனில் எடுத்து, கழுத்து மடங்குகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். வலி காலுக்குள் இறங்கினால் மட்டும் வீடியோ வேண்டாம், நேரில் ஒரு டாக்டரிடம் போய்விடுங்கள்.

மூணாவது_மாடி
காலுக்கு இறங்கவில்லை. நாளைக்கு எடுத்துப் பார்க்கிறேன். பையன் கேமரா பிடிக்கிறானாம், முதுகில் ஏற மாட்டானாம், ஆனால் ஐஸ்கிரீம் கேட்கிறான்.